முள்ளெலியின் பூட்ஸ்

சாயங்காலம் குழந்தைகள் நிகழ்ச்சி தொடங்கிவிட்டால் எங்கள் முதியோர் இல்லத்தில் எமனே வந்தாலும் வாசலில் காத்திருக்க வேண்டியதுதான். செக் நாட்டில், எங்கள் ஓலோமோட்ஸ் ஊரில் அதைப் போட்டுக் காட்டாமல் பிள்ளை வளர்த்தவர் யார்? அத்தனை கிழங்களும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடும்.

திரையில் ஆப்போலேனா அத்தை வருவாள். அந்தக் காலத்துப் பதிவு, இன்னும் போடுகிறார்கள். மடியில் துணி முள்ளெலி. அதற்குத் தினமும் ஒரு பூட்ஸ் காணாமல் போகும். "பூட்ஸ் எங்கே, செல்லம்?" என்று கேட்டுவிட்டு நம்மையே பார்த்தபடி சும்மா இருப்பாள். டிவி நின்றுபோய்விட்டதோ என்று சந்தேகம் வரும், அவ்வளவு நேரம். இப்போது எந்த நிகழ்ச்சியில் அந்தப் பொறுமை இருக்கிறது? எல்லாம் ஒரே கூச்சல்.

"இதோ!" என்று முதல் ஆளாகக் கத்துவது யார் தெரியுமா? அதே ஆப்போலேனாதான். எங்கள் இல்லத்தில்தான் இருக்கிறார். மறதி நோய். திரையில் இருப்பது தான் என்பதே தெரியாது.

"சிஸ்டர், இந்தம்மா முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்குது. எனக்கு ஒரு நாளாவது சான்ஸ் குடுக்கச் சொல்லுங்க" என்று ரயில் ஓட்டி ஓய்வுபெற்ற புபெனீக் தினமும் என்னிடம் சண்டை.

ஆப்போலேனாவின் மகள் ஹெத்விகா ஞாயிறுதோறும் பிராகிலிருந்து பிளம் ஜாம் பன்னோடு வருவாள். அம்மா ஒரே ஒரு முறை தன்னை அடையாளம் கண்டுகொண்டால் போதும் அவளுக்கு. போன ஞாயிறும் கேட்டாள்.

"அம்மா, நான் யாரு, சொல்லு?"

"பன் விக்கிறவங்கதானே? போன தடவை ஜாம் கம்மி."

புபெனீக் சிரித்துவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அவரை முறைத்துத் தீர்த்துக்கொண்டேன்.

"என் சின்ன வயசுல சாயங்காலமானா இவங்க நாடகத்துல நடிக்கக் கிளம்பிடுவாங்க, சிஸ்டர்" என்றாள் ஹெத்விகா. "டிவிலதான் எனக்கு அம்மா. இப்பவும் பாருங்க, டிவி கேட்டா பதில் வருது. நான் கேட்டா வரல."

பாவமாக இருந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "அந்த அத்தை கேக்கற மாதிரியே கேட்டுப் பாருங்களேன். கேட்டுட்டு சும்மா இருங்க" என்றேன்.

நிகழ்ச்சி முடிந்தது. "பல் தேச்சுட்டுத் தூங்கப் போங்க" என்றாள் திரை அத்தை. எல்லாரும் சமர்த்தாக எழுந்தார்கள். புபெனீக் பல்செட்டைக் கழற்றியே விட்டார். ஹெத்விகா அம்மாவின் முன்னால் மண்டியிட்டாள். அச்சு அசல் அதே குரலில் கேட்டாள்.

"ஹெத்விகா எங்கே, செல்லம்?"

கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். புபெனீக் வாயைத் திறக்கப் போனார். நான் அவர் கையைக் கிள்ளினேன்.

ஆப்போலேனாவின் முகம் மலர்ந்தது. உடனே பதறியது.

"ஐயோ, வீட்ல இருக்கா! டிவி முன்னாடி தனியா உக்காந்திருப்பா. நிகழ்ச்சி முடிஞ்சுபோச்சே, இப்ப என்னைத் தேடி அழுவாளே!" மகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். "உங்களுக்குப் புண்ணியமாப் போகும். என்னைக் கொஞ்சம் வீட்ல கொண்டுபோய் விடறீங்களா?"

"இதோ" என்றாள் ஹெத்விகா. "இதோ இருக்கேன்மா."

"நீங்க இல்லைங்க. அவ சின்னப் புள்ள."

கையை உதறிக்கொண்டு எழுந்தார். நேராக என்னிடம் வந்து தன் மேல்கோட்டைக் கேட்டார். ஹெத்விகா தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். கோட்டு என் கைக்கெட்டும் தூரத்தில்தான் தொங்கியது. எடுத்துக் கொடுக்கவும் முடியவில்லை, இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை.