ஆறு பேருக்கான பங்கர்

"இஞ்சாரும், சீனி போட்டனீரோ?"

குழிக்குள் நின்று சீவரத்தினம் கேட்டார். அவருடைய தொப்பி மட்டும்தான் நிலமட்டத்துக்கு மேலே தெரிந்தது.

"போட்டனான்," என்று மேலே நின்ற மனைவி மனோரஞ்சிதம் பொய் சொன்னாள். அவருக்குச் சீனி வருத்தம் வந்த நாள் முதலாகச் சொல்லும் பொய்தான்.

அவர் தேத்தண்ணீரில் ஒரு மிடறு குடித்தார். "நல்ல இனிப்பு," என்று அதைவிடப் பெரிய பொய்யொன்றைச் சொல்லி, மிச்சத்தையும் குடித்துவிட்டு வெறும் கோப்பையை மேலே நீட்டினார். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை குளியலறையில் பல் தீட்டிக்கொண்டு நின்றவர் அப்படியே சரிந்தார். அம்புலன்ஸ் வந்தபோது உயிர் போய்விட்டிருந்தது; வாயோரத்தில் பற்பசை நுரை மட்டும் காயாமல் இருந்தது.

கிழக்கே பெரிய நாட்டில் நடந்துகொண்டிருந்த போர் முடியப்போகிறது என்று எல்லோரும் சொல்லத் தொடங்கியிருந்த வருடம் அது. முடியப்போகிற போருக்குத்தான் கூடுதலாகப் பயப்பட வேண்டும் என்பது சீவரத்தினத்தின் கட்சி. கையில் இருக்கிற எல்லாவற்றையும் மனிதர்கள் எறிந்து தீர்ப்பது கடைசி நாட்களில்தான். தொண்ணூறில் மட்டக்களப்பில் அவர் அதைக் கண்ணால் பார்த்தவர். இரண்டாயிரத்து ஒன்பதில் டென்மார்க்கின் வைலேயில் இருந்தபடி, ஒவ்வொரு எண்ணாக அடங்கிப்போன தொலைபேசியில் கேட்டவர்.

அந்தப் பெரிய நாட்டை ஆண்டவரிடம் அணுகுண்டு இருந்தது, நிதானம் இருக்கவில்லை. காலையில் சமாதானம் பேசுவார். மத்தியானம் பொத்தானில் கை வைப்பேன் என்பார். பின்னேரம் பள்ளிக்கூடமொன்றில் பிள்ளைகளுக்குக் கேக் வெட்டிக் கொடுத்துக்கொண்டு நிற்பார். டென்மார்க் அரசாங்கம் வீடு வீடாக அறிவித்தல் அனுப்பியது: மூன்று நாளுக்குக் காணும்படி தண்ணீரும் சாப்பாடும் வாங்கி வைத்திருங்கள்.

சீவரத்தினம் அதை வாசித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் மேல்வீட்டு நாய் குரைத்தது.

"மூண்டு நாளோ! எங்கட ஊர் மாமாங்கக் கோயில் திருவிழாவுக்கே பத்து நாள் வேணும். இவையள் யுத்தத்தை மூண்டு நாளிலை முடிக்கப்போகினமாம்."

ஓகஸ்ட் மாதமே பதுங்குகுழி வெட்டத் தொடங்கிவிட்டார். இடம், வைலே நகரத்தின் ஓரத்தில் அவர்கள் வாடகைக்கு வைத்திருந்த தோட்டத்துண்டு. அடுக்குமாடியில் இருக்கிறவர்கள் கோடையில் போய்க் கிழங்கும் பூவும் நட்டு, சின்னக் குடிசைக்கு முன்னால் கோப்பி குடிக்கிற இடம் அது. அதற்கு ஒரு சங்கம், சங்கத்துக்கு ஒரு தலைவர், தலைவருக்குக் கக்கத்தில் ஒரு விதிப்புத்தகம். வேலியின் உயரம் முதல் கூரையின் நிறம் வரை எல்லாம் அதில் இருந்தது. சீவரத்தினம் குடிசைக்குப் பின்பக்கம் வெட்டினார். படி இறங்கி, ஒரு முடக்குத் திரும்பி, உள்ளறை. நேராக வெட்டினால் குண்டுச் சன்னம் நேராக வரும். முடக்கு இல்லாத பங்கர் பங்கரே இல்லை. மேலே பழைய ரயில்பாதைச் சிலிப்பர்க் கட்டைகளை அடுக்கி, அதற்கு மேல் மண்மூட்டை.

மூட்டைகள்தான் ஊர் சிரித்த சங்கதி. ஊரில் போலச் சேலையில்தான் தைக்க வேண்டும் என்று நின்றார். மனோரஞ்சிதத்துக்கும் அது வசதியாகவே போயிற்று. சாமத்திய வீடு, கலியாணம், குடிபூரல் என்று முப்பது வருடமாக வந்து சேர்ந்த சேலைகள் அலுமாரியில் மூச்சுவிட இடமில்லாமல் கிடந்தன. ஒருவர் தந்ததை இன்னொருவருக்குக் கொடுத்து, அது மூன்று வீடு சுற்றித் தந்தவரிடமே திரும்பிப் போன கதையெல்லாம் உண்டு. மனோரஞ்சிதம் எல்லாவற்றையும் வெட்டித் தைத்தாள். கிளிப்பச்சையும் ரோசாவும் சரிகையுமாகப் பங்கர், அம்மன் கோயில் சப்பறம்போல வெயிலில் மின்னியது.

செத்தவீடும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்த கையோடு சங்கத் தலைவர் பென்ட் வந்தார். வாசலில் தொப்பியைக் கழற்றி, துக்கத்தை விசாரித்து, அரை நிமிடம் நிலத்தைப் பார்த்தார். பிறகு விதிப்புத்தகத்தை விரித்தார்.

"மனோ, தோட்டத்தில் குழி வெட்டுவது விதிக்கு முரண். பொதுக்கூட்டத்தில் நிரப்பச் சொல்லித் தீர்மானம் வரும். எனக்கு விருப்பமில்லை. ஆனால் விதி."

அவள் தலையாட்டினாள். ஓகூஸ் நகர ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்யும் மகள் லக்சனாவும் தொலைபேசியில் டேனிஷில் அதையேதான் சொன்னாள். நிரப்பிவிடுங்கள் அம்மா, யாராவது விழுந்து காலை முறிப்பார்கள்.

"கொப்பர் கடைசியா வெட்டினது," என்றாள் மனோரஞ்சிதம்.

மகள் தமிழுக்கு மாறி, "விளங்குது," என்றாள்.

அந்தச் சனிக்கிழமை, தனக்கு நெருங்கிய லூர்தம்மாவைக் கூட்டிக்கொண்டு மனோரஞ்சிதம் தோட்டத்துக்குப் போனாள். லூர்தம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. வாய் ஒருபோதும் ஓயாது. மண்மூட்டைகளைக் கண்டதும் இடுப்பில் கையை வைத்தாள்.

"மனோக்கா! இந்த மாம்பழக் கலர் நான் தந்ததெல்லோ?"

"ஓம் புள்ள."

"கொழும்பிலையிருந்து எடுப்பிச்ச சேலை!"

"அதுதான் நல்லா மண் பிடிக்குது. மற்றதெல்லாம் கிழியுது."

மனோரஞ்சிதத்துக்கு வலது முழங்கால் மடங்காது. அதனால் லூர்தம்மாதான் முதலில் இறங்கினாள். கடைசிப் படியில் 'சளக்' என்று சத்தம் கேட்டது. பிறகு ஒரு கூச்சல், அதன் பின்னால் சிரிப்பு.

"அக்கா, அண்ணை பங்கர் வெட்டேல்லை. கிணறு வெட்டிப்போட்டுப் போயிருக்கிறார்!"

முழங்கால் அளவுக்குத் தண்ணீர். மட்டக்களப்பு மணலில் கோடையில் வெட்டினால் மாரி வருமட்டும் காய்ந்து கிடக்கும். இங்கே களிமண்; எட்டிய தூரத்தில் கடற்கழி. ஓகஸ்டில் காய்ந்து கிடந்த குழி ஒக்டோபரில் தானாக ஊறிவிட்டது. பங்கர் வெட்டுவதில் புலி என்று பெயரெடுத்த மனிதருக்கு, டென்மார்க்கின் நிலத்துக்கடியில் தண்ணீர் நடமாடுகிறது என்பது கடைசிவரை தெரியவில்லை.

மனோரஞ்சிதம் மேல் படியில் காலை நீட்டி உட்கார்ந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து லூர்தம்மா ஓடிவந்தாள். அவர் போன பிறகு அவள் சிரித்த முதல் சிரிப்பு அது.

"ஒருத்தருக்கும் சொல்லாதை புள்ள. தண்ணியெண்டு தெரிஞ்சால் நாளைக்கே மூடிப்போடுவாங்கள்."

அந்தக் கிழமையே விமானத் தளங்களுக்கு மேலே யாருடையதென்று தெரியாத ட்ரோன்கள் பறந்தன. விமானங்கள் நின்றன. பெரிய நாட்டுக்காரர் மேடையில் ஏறி, இனி எச்சரிக்கை கிடையாது என்றார். மறுநாள் நான் அப்படிச் சொல்லவில்லை என்றார். கடைகளில் மெழுகுதிரியும் தகரத்தில் அடைத்த மீனும் முடிந்துபோயின.

பென்டின் மனைவி இங்கர் ஒரு போத்தல் பிளம்ஸ் ஜாமோடு வந்தாள். வானிலையைப் பற்றிப் பேசினாள். ரோசாச் செடியைப் பற்றிப் பேசினாள். கடைசியில் குரலைத் தாழ்த்தினாள்.

"மனோ, உன் கணவர் கட்டிய அதில்... எத்தனை பேர் இருக்கலாம்?"

மனோரஞ்சிதம் லூர்தம்மாவைப் பார்த்தாள். லூர்தம்மா கூரையைப் பார்த்தாள்.

"ஆறு பேர்," என்றாள் மனோரஞ்சிதம். "இரண்டு இடம் மிச்சம் இருக்கிறது. பென்டுக்குச் சொல்ல வேண்டாம், வெட்கப்படுவார்."

"ஒரு தடவை உள்ளே பார்க்கலாமா?"

"கூடாது. ஆபத்து வருவதற்கு முன்னால் வெளியார் பங்கருக்குள் கால் வைத்தால் ஆகாது. எங்கள் வழக்கம்."

'வழக்கம்' என்ற சொல்லைக் கேட்டதும் இங்கர் பயபக்தியோடு தலையசைத்தாள். அவள் போனதும் லூர்தம்மா கேட்டாள்.

"இது எந்தச் சாத்திரத்திலை கிடக்கு?"

"இண்டைக்குத்தான் எழுதினது."

இங்கருக்குப் பிறகு இரண்டாம் வரிசைத் தச்சன் வந்தான். அவனுக்குப் பிறகு ஓய்வுபெற்ற ஆசிரியை, கையில் ஒரு பூனையோடு. ஒவ்வொருவரும் வேறு யாருக்கும் தெரியாது என்று நினைத்தே வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் கடைசி இரண்டு இடம் மிச்சமிருந்தது. பொறியியல் வேலைக்காகச் சென்னையிலிருந்து வந்திருந்த பக்கத்துத் துண்டு ஸ்ரீகாந்த், மனைவி கயலையும் கூட்டிக்கொண்டு வந்தான்.

"ஆன்ட்டி, ஃபேமிலின்னா எவ்ளோ ஸ்பேஸ் கிடைக்கும்? வென்டிலேஷன் எப்படி? ரேடியேஷன் தாங்குமா?"

"தம்பி, ஷெல் தாங்கும். மற்றதுக்கு மேலை ஒரு ஆள் இருக்கிறார், அவரைக் கேளுங்கோ."

"ஏங்க, முதல்ல இடத்தைப் புக் பண்ணுங்க, டவுட்டெல்லாம் உள்ள உக்காந்து கேக்கலாம்," என்றாள் கயல்.

கடைசியாக, பின்வேலிப் பக்கமாக, தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு பென்ட் வந்தார். "இங்கருக்குத் தெரிய வேண்டாம்," என்றார். "அவள் என்னைக் கோழை என்பாள்."

பொதுக்கூட்டம் சங்கக் கொட்டிலில் நடந்தது. கோப்பியும் கறுவாப் பணிசும் வைத்திருந்தார்கள். பென்ட் தீர்மானத்தை வாசித்தார். குழியை நிரப்புவதை ஆதரிப்பவர்கள் கையை உயர்த்தலாம்.

ஒரு கையும் உயரவில்லை.

எல்லோரும் கோப்பிக் கோப்பையைப் பார்த்தார்கள். பிறகு மெல்லத் தலையை உயர்த்தி ஒருவரையொருவர் பார்த்தார்கள். எங்கோ ஒரு கணக்கு உதைக்கிறது என்று அவர்களுடைய முகங்களில் தெரிந்தது. பென்ட் இங்கரைப் பார்த்தார். இங்கர் பணிசில் ஒரு கடி கடித்தாள். "தீர்மானம் தோற்றது," என்று பென்ட் புத்தகத்தை மூடினார். மனோரஞ்சிதத்தோடு பின்வரிசையில் இருந்த லூர்தம்மாவுக்கு இருமல் பிடித்து, வெளியே போய்த்தான் அடங்கியது.

பங்கர் தப்பியது என்று மனோரஞ்சிதம் நினைத்தாள்.

நவம்பர் ஞாயிறொன்றின் மத்தியானம், எல்லோருடைய கைப்பேசிகளும் ஒன்றாக அலறின. நகரத்துச் சைரனும் சேர்ந்து ஊளையிட்டது. அறிவித்தலில் இரண்டே வரி: உடனே உள்ளே போங்கள், அடுத்த தகவலுக்குக் காத்திருங்கள். பழமரங்களுக்குக் குளிர்காலக் கவசம் கட்ட அன்றைக்குத் தோட்டக்காரர் எல்லோரும் வந்திருந்தார்கள்; மனோரஞ்சிதத்துக்குக் கைகொடுக்க லூர்தம்மாவும் வந்திருந்தாள்.

எல்லாப் பாதைகளிலிருந்தும் ஓடி வந்தார்கள். தச்சன் தலையணையோடு வந்தான். ஆசிரியை பூனையோடு வந்தாள். இங்கர் வலது பக்கத்தால் வந்தாள், பென்ட் இடது பக்கத்தால் வந்தார். இருவரும் பங்கர் வாசலில் முட்டிக்கொண்டார்கள்.

"நீயுமா?"

"நீங்களுமா?"

பின்னால் நின்றவர்கள் தள்ள, முன்னால் நின்றவர்கள் இறங்கினார்கள். சளக். சளக். சளக். பென்ட் வீட்டுச் செருப்போடு முழங்கால்வரை நின்றார். பூனை ஆசிரியையின் தலையில் ஏறியது.

"மனோ," என்றார் பென்ட், பற்கள் அடிக்க. "உனக்கு இது தெரியுமா?"

"தெரியும்."

"தண்ணீரும் உங்கள் வழக்கமா?" என்று இங்கர் கேட்டாள்.

"இல்லை," என்றாள் மனோரஞ்சிதம். "அது என் கணவரின் பிழை."

இனி ஒளிக்க ஒன்றுமில்லை. சைரன் அடங்கினால் நாளைக்கே லொறியில் மண் வரும். அதை நினைத்தபடி நின்றவளைப் பின்னால் வந்த கயல், "ஆன்ட்டி, நீங்க வெளியில நிக்காதீங்க!" என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். கூட்டம் அவளை முடக்குக்கு அப்பால் தள்ளிக்கொண்டு போனது. அந்த நாள்வரை அவள் மேல் படிக்குக் கீழே இறங்கியதில்லை. இருட்டில் விழாமலிருக்கச் சுவரைத் தடவினாள். கையில் ஒரு கம்பிப்பிடி தட்டுப்பட்டது. மடங்காத காலோடு உட்கார்ந்து எழும்புகிற ஆளுக்கென்று சரியான உயரத்தில் அடித்த பிடி. அதற்குக் கீழே, சுவரிலேயே செதுக்கிய ஒரு திட்டு. மேலே வழுவழுவென்று சீவிய பலகை.

அவள் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வலது காலை நீட்டி வைக்க, எதிர்ச்சுவரில் ஒரு சின்னக் குழிவும் இருந்தது. ஒரு ஆள் மட்டும் இருக்கக்கூடிய அகலம். குழி பூராவும் தண்ணீர் நின்றது. அவள் காய்ந்த பலகையில் இருந்தாள்.

பென்ட் கைப்பேசி வெளிச்சத்தை அந்தப் பக்கம் திருப்பினார். திட்டைப் பார்த்தார், பிடியைப் பார்த்தார், குழிவுக்குள் நீட்டியிருந்த காலைப் பார்த்தார்.

"இது உனக்கா?"

"ஓம்," என்றாள். டேனிஷில் சொல்ல மறந்துவிட்டாள். பென்டுக்கு அது விளங்கியது.

அவர் வெளிச்சத்தை அணைத்தார். ஏறக்குறைய இருபது பேர் தோளோடு தோளாகத் தண்ணீருக்குள் நின்றார்கள். பூனை தன் பாட்டில் கத்தியது. பிறகு இருட்டுக்குள்ளிருந்து லூர்தம்மாவின் குரல், அவளுடைய உடைந்த டேனிஷில் கேட்டது.

"ஆறு பேருக்கு மேலே இருக்கிறவர்கள் தயவுசெய்து வெளியே போகவும்."

முதலில் சிரித்தது இங்கர். பிறகு தச்சன். சிரிப்பு முடக்கில் மோதித் திரும்பி வந்து எல்லோரையும் பிடித்துக்கொண்டது. தவறுதலாகப் போன அறிவித்தல் என்று கைப்பேசிகள் சொன்னபோது, அதை வாசிக்கவும் முடியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள்.

அடுத்த கிழமை பென்ட் ரப்பர்ச் சப்பாத்து போட்டுக்கொண்டு வந்தார். லொறி வரவில்லை. வாசலில் குனிந்து தண்ணீரை ஒரு தடியால் அளந்தார். தோட்டத்தில் குளம் வைத்திருக்க விதி இடம் கொடுக்கிறது, சுற்றிவர வேலி மட்டும் வேண்டும் என்றார். வேலியைத் தானே வந்து அடித்தும் தந்தார்.

வசந்தத்தில், களைத்துப்போன ஆட்கள் ஒரு மேசையில் கையெழுத்து வைக்க, போர் முடிந்தது. அணுகுண்டுக்காரர் தான்தான் வென்றதாகச் சொன்னார். பங்கரைப் பற்றி யாரும் பிறகு கேட்கவில்லை. மாரியில் தண்ணீர் ஏறுகிறது, கோடையில் இறங்குகிறது. நிறையப் பனி கரைந்த வருடமொன்றில் கீழிருந்து மூன்றாம் படிவரையும் வந்தது. அந்தப் பலகை மட்டும் இன்றுவரை நனையவில்லை.