படுதாவுக்கு வெளியே கேட்ட பிடில்

கங்கம்மா அந்தப் படத்தை இருபது நாள் காதால்தான் பார்த்தாள். பழவேற்காட்டுச் சாலையில் டூரிங் டாக்கீஸ் வந்ததும் வந்தது, அவளுக்கு ஓர் அடுப்பு வைக்க இடம் கிடைத்தது. பெண்கள் பக்கத்துப் படுதாவை ஒட்டி, வேப்பமரத்தடியில் எண்ணெய்ச் சட்டி. இறாலை அரைத்துச் சுட்ட எறா வடையும் வறுத்த மீனும். இடைவேளை விட்டால் ஜனம் ஈசல் மாதிரி வந்து மொய்க்கும். மணி அடித்தால் அத்தனையும் உள்ளே ஓடிவிடும். ஒரே ஒரு மெஷினை வைத்துக்கொண்டு படம் ஓட்டுகிற கொட்டகை, அதனால் ஒரு படத்துக்கு மூன்று இடைவேளை. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஈடு வடை வெந்தாக வேண்டும். இதில் அவள் எங்கே படம் பார்ப்பது?

படம் மாயாஜாலப் படம். தெலுங்கில் எடுத்து, தமிழில் வாய் மாற்றி அனுப்பியிருந்தார்கள். பறக்கும் கம்பளம், பேசும் கிளி, மலையைப் பிடுங்கும் ராட்சசன் என்று ஒன்றுக்கும் பஞ்சமில்லை. நாலு நாளில் பெட்டி கட்ட வேண்டிய படம், கூட்டம் குறையாததால் அங்கேயே தங்கிவிட்டது. எடுத்தவனுக்கே அவ்வளவு நம்பிக்கை இருந்திருக்காது.

மூன்றாவது இடைவேளைக்குப் பிறகு வியாபாரம் கிடையாது. சட்டியை இறக்கி, சாம்பல் போட்டுக் கரண்டி தேய்க்கிற நேரம். அப்போதுதான் அது வரும். முதலில் முரசும் எக்காளமும் போட்டி போட்டுக்கொண்டு அலறும். யாரோ ஓடுவார்கள், எதுவோ இடியும். பிறகு எல்லாம் சட்டென்று நின்றுபோகும். அந்த அமைதியில் ஒரே ஒரு பிடில் மெல்ல எழுந்து இழுக்கும். அதற்குத் துணையாக இன்னொன்று, பிறகு பத்து, பிறகு எத்தனை என்று எண்ண முடியாத கூட்டம். அடியில் ஏதோ ஒரு கனத்த வாத்தியம் வயிற்றிலிருந்து முனகும். கங்கம்மாவின் கையில் கரண்டி அப்படியே நிற்கும்.

அதே சமயம் உள்ளே கைதட்டலும் விசிலும் பறக்கும். ஆகவே அவள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். வெகுநாள் பிரிந்திருந்த இரண்டு பேர் சேர்கிறார்கள். அதைப் பார்த்துத்தான் ஜனம் சந்தோஷத்தில் தட்டுகிறது. ஒரு வாசல். வாசலில் ஒருத்தி. தூரத்தில் ஒருத்தன் தலையைக் குனிந்துகொண்டு வருகிறான். அந்த ஒருத்தனுக்குக் கங்கம்மா ஒரு முகமும் வைக்கவில்லை. வைக்கப் பயந்தாள்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. மகள் கனகாம்பாளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிப் பன்னிரண்டு நாளே பாக்கி. பெண்ணைக் கைப்பிடித்து மணவறைக்கு அழைத்து வர தாய்மாமன் வேண்டும். தாய்மாமன் இருக்கிறான், துளசிராமன், கங்கம்மாவின் ஒரே தம்பி. கும்மிடிப்பூண்டி பக்கம் புதிதாக வந்த கம்பெனி ஒன்றில் மூட்டை தூக்குகிறான், குடியிருப்பது கவரைப்பேட்டையில். அவனோடு அவள் பேசி ஆறு வருஷம்.

ஏரியில் வலை கட்டுகிற இடத்தைப் பாடு என்பார்கள். நல்ல பாடு கொஞ்சம்தான், வீடுகளோ நிறைய. அதனால் ஊர் கூடிச் சீட்டுப் போட்டு, இன்றைக்கு இந்த வீடு, நாளைக்கு அந்த வீடு என்று முறை வைத்திருக்கிறார்கள். கோயிலில் திருடினவனைக்கூட ஊர் ஒருவேளை மன்னிக்கும். அடுத்தவன் முறையில் வலை போட்டவனை மன்னிக்காது. ஆறு வருஷத்துக்கு முன்னால், அமாவாசைக்குத் தண்ணீர் இறங்குகிற வற்றத்தில், எறா கொட்டோ கொட்டென்று கொட்டுகிற நாளில், கங்கம்மாவின் புருஷன் சடையப்பனுக்கு முறை விழுந்தது. அவன் விடியலில் போய்ப் பார்த்தபோது பாடு வெறுமையாகக் கிடந்தது. முன்கூட்டியே போய் வாரிக்கொண்டு போனவன் துளசிராமன். வேறு யார் வீட்டு முறையும் அவனுக்குக் கிடைக்கவில்லை, அக்கா வீட்டு முறைதான் கிடைத்தது.

பஞ்சாயத்தில் சடையப்பன் வாயைத் திறக்கவில்லை. எழுந்து நின்றவள் கங்கம்மாதான். "அவன் என் தம்பி இல்ல. ராட்சசன்" என்றாள். ஒரு வருஷம் விலக்கி வைத்தார்கள். யாரும் நெருப்புக் கொடுக்கவில்லை, தண்ணீர் கொடுக்கவில்லை. இரண்டாவது வாரமே அவன் பெண்டாட்டியோடு ஊரை விட்டுப் போனான். வருஷம் முடிந்தும் திரும்பவில்லை.

"தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும்னு சொல்வாங்க. உனக்கு ஆடவே மாட்டேங்குதே" என்றான் சடையப்பன், பத்திரிகைக்கு மஞ்சள் தடவிக்கொண்டே. "முறைய வுட்டவன் நானு. நானே மறந்துட்டேன். நீ இன்னாத்துக்கு இன்னும் கட்டிக்கினு கீற?"

"நீ மறப்பய்யா. அவன் உன் கூடப் பொறக்கலயே" என்றாள் கங்கம்மா. அவன் அடுத்த பத்திரிகையை எடுத்தான்.

ஆனால் இருபது நாள் அந்தப் பிடில் அவளைச் சும்மா விடவில்லை. வீட்டில் மீன் கழுவும்போது அது வரும். படுத்தால் வரும். நெஞ்சில் எங்கேயோ காய்ந்து கெட்டிப்பட்டிருந்த ஒன்றை அது தண்ணீர் விட்டு ஊறவைத்துக்கொண்டே இருந்தது. சில பேர் அம்மன் முன்னால் இரண்டு பொட்டலம் போட்டுப் பூக் கேட்பார்கள். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். கங்கம்மாவும் தனக்குள் ஒன்று கேட்டு வைத்தாள். படத்தில் அந்த இடத்தில் பிரிந்தவர்கள் சேர்ந்தால், கவரைப்பேட்டைக்குப் போவது. இல்லையென்றால் தாய்மாமன் இல்லாமலே கல்யாணம். மாயாஜாலப் படத்திடம் போய்க் குறி கேட்டவள் அந்த ஜில்லாவிலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

டிக்கெட் கிழிக்கிற பச்சையப்பனுக்கு வாய் சும்மா இருக்காது. தினம் இரண்டு வடை ஓசி, அதற்குப் பதிலாகப் படத்தின் கதை முழுக்கச் சொல்லத் தயாராக இருந்தான்.

"வாணாண்ணே, சொல்லாதீங்க" என்று தடுத்துவிட்டாள். "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அந்தப் பிடில எத்தினி பேரு வாசிக்கறாங்க?"

"அம்பது அறுவது பேருமா. மெட்ராஸ்ல ஒரு பெரிய ரூம்புல குந்திக்கினு, எதிர்ல படத்த ஓடவுட்டு, அதப் பாத்துக்கினே வாசிப்பாங்க. என் மச்சான் ஒருத்தன் ஸ்டுடியோவுல பெயிண்ட் அடிக்கப் போனான், அவன் கண்ணால பாத்திருக்கான்."

"அறுவது பேரும் ஒரே நேரத்துல அழற மாதிரி வாசிக்கறாங்களே, எப்டிண்ணே?"

"அது இன்னாமோ, சம்பளம் குடுக்கறாங்க, வாசிக்கறாங்க" என்று பச்சையப்பன் மூன்றாவது வடையை எடுத்துக்கொண்டான்.

இருபத்தோராம் நாள் போஸ்டரின் மேல் "இன்றே கடைசி" என்று துண்டுத் தாள் ஒட்டினார்கள். மூன்றாவது இடைவேளை மணி அடித்ததும் கங்கம்மா சட்டியை மூடினாள். அடுப்பில் தண்ணீர் தெளித்தாள். பச்சையப்பன் ஆச்சரியத்தோடு படுதாவைத் தூக்கிப் பிடித்தான். மீன் வாடையோடு உள்ளே போய், பெண்கள் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தாள்.

திரையில் ராட்சசன் நின்றான். கோரைப்பல், பரட்டைத் தலை, இடுப்பில் மண்டையோட்டு மாலை. அவன் குழந்தைகளைக் கல்லாக்கியவன் என்றும், இளவரசியைக் கொண்டுவந்து அடைத்தவன் என்றும் பக்கத்திலிருந்த பெண் கேட்காமலே சொன்னாள். அவன் உயிர் ஏழு கடல் தாண்டி ஒரு சிமிழுக்குள் வண்டாக இருக்கிறதாம். முரசும் எக்காளமும் தொடங்கின. இளவரசன் சிமிழைத் திறந்து வண்டைப் பிடித்தான். கங்கம்மா அவசரமாகத் திரையின் ஓரத்தையெல்லாம் தேடினாள். வாசல் எங்கே? வாசலில் நிற்கிறவள் எங்கே?

வண்டு நசுங்கியது. எல்லாச் சத்தமும் நின்றது. ராட்சசன் மலை சரிகிற மாதிரி முழங்காலிட்டான். அப்போது, அந்த ஒற்றைப் பிடில் எழுந்தது.

கங்கம்மாவுக்கு முதலில் ஆத்திரம்தான் வந்தது. இதற்கா? இந்தப் பிசாசுக்கா இருபது நாள் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்? குறி தெளிவாகச் சொல்லிவிட்டது, வேண்டாம் என்று. கொட்டகை முழுக்க விசில். ஆண்கள் பக்கத்தில் துண்டுகள் பறந்தன. முன்வரிசையில் ஒருத்தன் எழுந்து நின்று ஆடினான். எழுந்து போய்விடலாம் என்று கையை மணலில் ஊன்றினாள்.

ஆனால் பிடில்கள் நிற்கவில்லை. பத்து சேர்ந்தன, இருபது சேர்ந்தன. ராட்சசன் சாகும்போதும் ஒரு நல்ல வார்த்தை பேசவில்லை, யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தான், அவ்வளவுதான். பக்கத்தில் ஒருவரும் இல்லை. கனத்த வாத்தியம் அடியிலிருந்து முனகியது. கங்கம்மாவுக்குப் பச்சையப்பன் சொன்னது நினைவுக்கு வந்தது. மெட்ராஸில் ஒரு ரூமில் அறுபது பேர் இதே காட்சியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இவன் செய்ததெல்லாம் அவர்களுக்கும் தெரியும். அப்படியும் அந்த அறுபது பேரில் ஒருத்தன்கூடக் கை தட்டவில்லை. அறுபது பேரும் அவனுக்காக அழுதிருக்கிறார்கள்.

பஞ்சாயத்தில் தம்பி நின்ற விதம் கண்ணுக்கு வந்தது. அவனும் அப்படித்தான் ஒரு தரம் சுற்றிப் பார்த்தான். பார்வை கடைசியாக அவள் மேல் வந்து நின்றது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆறு வருஷமாக வராத அழுகை அப்போது வந்தது. சுற்றி இருந்தவர்கள் சிரிக்கும்போது அவள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். "இன்னாக்கா, ராட்சசன் செத்ததுக்கா அழுவற?" என்று பக்கத்துப் பெண் கேலி செய்தாள். ஆமாம் என்று தலையாட்டினாள் கங்கம்மா.

மறுநாள் காலையில் தட்டு, வெற்றிலை பாக்கு, பத்திரிகை எல்லாம் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். சடையப்பன் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் மனசு மாறிவிடப் போகிறாள் என்ற பயம். பொன்னேரி வரை பஸ், அங்கிருந்து ரயில். வழியெல்லாம் தம்பிக்காக அவளே காரணங்களைத் தேடினாள். அன்றைக்கு அவன் பெண்டாட்டிக்கு உடம்பு சரியில்லாமல் இருந்திருக்கலாம். யாராவது கூடாத சினேகிதன் தூண்டிவிட்டிருக்கலாம். வீட்டில் அடுப்பெரியாமல் இருந்திருக்கலாம். ஏதாவது ஒன்றை அவன் சொன்னால் போதும், நிம்மதியாகத் தட்டை நீட்டலாம்.

கவரைப்பேட்டை ஸ்டேஷனுக்குப் பின்னால் வரிசை வீடுகள். துளசிராமன் வாசலில் குந்திக்கொண்டு பல் விளக்கிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்தான். கன்னம் ஒட்டி, முன்தலை நரைத்துப்போயிருந்தது.

"கனகாவுக்குக் கல்யாணம்" என்றாள்.

"கேள்விப்பட்டேங்க்கா."

அவள் தட்டை நீட்டவில்லை. இடுப்பில் அணைத்துக்கொண்டே நின்றாள்.

"ஏண்டா செஞ்ச?"

அவன் அவளையே பார்த்தான். "பஞ்சாயத்துல, செஞ்சியா செஞ்சியான்னுதான் கேட்டாங்க. ஏன்னு யாரும் கேக்கல. நீ கேப்பேன்னு பாத்தேன்."

"இப்பக் கேக்கறேன்."

துளசிராமன் வாயைக் கொப்பளித்துத் துப்பினான். பொய் சொல்ல அவனுக்கு ஆறு வருஷ அவகாசம் இருந்தது.

"ஆசைக்கா" என்றான். "எறா தண்ணி மேல துள்ளிக்கினு இருந்திச்சு. மாமா தூங்கிக்கினு இருந்தாரு. அவ்ளோதான். வேற ஒண்ணுமே இல்ல."

கங்கம்மாவுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. ரயிலில் அவள் கஷ்டப்பட்டுக் கட்டிய காரணங்கள் அத்தனையையும் படுபாவி ஒரே சொல்லில் உடைத்துப் போட்டுவிட்டானே. திரும்பிப் போய்விடவும் தோன்றியது. ஒரு ரயில் ஊதிக்கொண்டு ஸ்டேஷனைத் தாண்டிப் போயிற்று.

"வர வெள்ளிக்கு அடுத்த வெள்ளி முகூர்த்தம்" என்றாள் கடைசியில். "பொண்ணக் கை புட்சிக் கூட்டிக்கினு வர மாமன் வேணும். வா."

"நானா?" அவன் ஓர் அடி பின்வாங்கினான். "ஊரே அங்க இருக்கும்க்கா. என்னைப் பாத்து சிரிப்பாங்க."

"சிரிப்பாங்க. ஊர் வாய மூட ஒலமூடி இருக்குதா? கைகூடத் தட்டுவாங்க. தட்டிக்கினு போவட்டும்" என்று தட்டை அவன் முன்னால் நீட்டினாள். "உனக்கோசரம் அழ நான் ஒருத்தி கீறேன்."

துளசிராமன் ஈரக்கையைப் பனியனில் இரண்டு தரம் துடைத்துக்கொண்டு, தட்டை இரண்டு கையாலும் வாங்கினான்.