மேற்கு வாயிலின் வாட்டம்

இரவெல்லாம் பெய்த மழை விடியலில் ஓய்ந்து, தேம்சு ஆற்றின் பக்கமிருந்து வந்த மென்பனி கீழை இலண்டனின் கூரைகளைத் தழுவி நிற்க, சிவந்த இருதட்டுப் பேருந்துகள் நிரைநிரையாய் ஊர, வேலைக்குப் புறப்பட்ட மாந்தர் குடைகளைச் சுருக்கிக்கொண்டு விரைய, அவர்கள் அனைவருக்கும் மேலே தலை நிமிர்ந்து நின்றது அந்நகர மண்டபம். ஏழாம் எட்வர்ட் மன்னர் அரியணையில் இருந்த நாளில் எழுந்தது அது. செங்கல்லை உடலாகவும் வெண்கல்லை அணியாகவும் கொண்டு, பசுமை பூத்த செப்புக் குவிமாடத்தைத் தலையில் சூடி, நான்கு திசைக்கும் நேரம் சொல்லும் மணிக்கூட்டுக் கோபுரத்தைத் தோளில் தாங்கி, உள்ளே வண்ணச் சில்லுகள் பதித்த தளமும் பளிங்குப் படிகளும் ஓவியக் கண்ணாடிச் சாளரங்களுமாய் ஒளிர்ந்தது. அன்பரே, வரி தண்டும் ஓர் அலுவலகத்துக்கு இத்தனை அழகு எதற்கு என்று கேட்பீராயின், கட்டியவர்கள் கஞ்சர்கள் அல்லர் என்பதே விடை.

அம்மண்டபத்தைப் பத்தொன்பது ஆண்டுகளாகத் துடைத்து வருபவர் நாகேஸ்வரி. யாழ்ப்பாணத்திலிருந்து ஏதிலியாய் வந்து, அருகிலுள்ள பிளேஸ்டோவில் ஓர் ஒற்றை அறையில் நெடுங்காலம் காத்திருந்து, முடிவில் இந்நாட்டின் குடியுரிமை உறுதிமொழியை அவர் கூறியது இம்மண்டபத்தின் மேல்மாடத்து அவையில்தான். அன்று சாளரத்தின் வழியே விழுந்த ஒளி தம் கையிலிருந்த தாளைச் செம்மையும் நீலமுமாய் நனைத்ததை அவர் எவரிடமும் சொல்லாமல் விட்டதில்லை. அடுத்த திங்களே அங்கு வேலை கேட்டுப் போய் நின்றார். பிறர் அதனைக் கூலி வேலை என்றனர். அவரோ தம் வீட்டைப் பேணுவதாகவே எண்ணினார்.

அந்த வீட்டுக்குத்தான் இப்போது கேடு வந்திருந்தது. சென்னையிலிருந்து வந்து இங்கே கட்டடப் பொறியாளராய்ப் பணி செய்யும் ஸ்ரீனிவாஸ் என்பவர், முன்கூடத்தின் தளம் படிக்கட்டின் அடியைவிட மேற்கு வாயிலில் மூன்று விரற்கடை தாழ்ந்திருப்பதை அளந்து கண்டு, அடித்தளம் அமிழ்கிறது, மண்டபத்தை மூடுவதே நலம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அன்று காலை பத்து மணிக்கு நகரவையினர் வந்து, தளத்தைப் பார்வையிட்டபின் முடிவு சொல்வதாக ஏற்பாடு. மூடினால் எவரேனும் செல்வர் வாங்கிக் கூறு போடுவார் என்பதும் ஊரறிந்த பேச்சு.

தளத்தை ஈரத்துணியால் ஒற்றித் துடைப்பதன்றி நீர் ஊற்றலாகாது என்பது அங்குள்ள விதி. ஆனால் பெரியவர்கள் வரும் நாளில் வீட்டை ஈரத்துணியால் ஒற்றி விடுவதாவது! வாளி வாளியாய் அள்ளி ஊற்றித் தும்புத்தடியால் தேய்த்துக் கழுவினாலன்றி யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கு மனம் ஆறாது. பத்தொன்பது ஆண்டுகள் அடக்கி வைத்த கை அன்று அடங்கவில்லை. மூடப்போகும் மண்டபத்துக்கு இனி என்ன விதி என்று, ஐந்து வாளி நீரை ஒன்றன்பின் ஒன்றாய்க் கவிழ்த்தார்.

சில்லுகள் பளிச்சிட்டன. அவர் மகிழ்ந்த மகிழ்ச்சி கண்ணிமைக்கும் பொழுதுதான். நீர் முழுவதும் மேற்கு வாயிலை நோக்கி விரைந்தது. ஐயோ, அங்கே அது குளமாய்த் தேங்கினால், பள்ளத்தைக் காட்ட வேறு சான்றும் வேண்டுமோ? தம் மண்டபத்தைத் தாமே காட்டிக் கொடுத்துவிட்டோமே என்று துணியை எடுத்துக்கொண்டு நீரின் பின்னே ஓடினார். அந்நேரம் பார்த்து மேற்பார்வையாளர் இம்மாகுலேற் உள்ளே வந்தார். அவர் பின்னால் கருவிப் பையுடன் ஸ்ரீனிவாசும் வந்தார்.

"நாகேஸ்வரி அக்கா, என்ன வேலை பாத்து வைச்சிருக்கிறியள்?" என்றார் இம்மாகுலேற்.

நாகேஸ்வரி வாயிற்பக்கம் திரும்பினார். அவர் செவி வேறோர் ஒலியைப் பற்றியிருந்தது. வாயிலருகே காலங்காலமாய் நிற்கும் பெரிய மரப்பேழையின் பின்னால் நீர் களகளவென்று இறங்கிக்கொண்டிருந்தது. மூவரும் சேர்ந்து பேழையைத் தள்ளினர். சுவரோரம், மண்டபம் எழுந்த ஆண்டு பொறித்த வெண்கலத் துளைத்தகடு ஒன்று, வந்த நீரையெல்லாம் குடித்துக்கொண்டிருந்தது. நீர் வடிவதற்கென்று தளத்துக்குக் கொடுக்கும் சரிவை எம்மவர் வாட்டம் என்பர். அதை நாகேஸ்வரிக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"தம்பி, நிலம் இறங்கியிருந்தா தண்ணி கண்டபடி தேங்கி நிக்கும்," என்றார். "இது ஒரே வழியா ஓடி ஒரே ஓட்டைக்குள்ளை போகுது. கழுவுறதுக்கெண்டு வாட்டம் விட்டுத்தான் கட்டியிருக்கினம். சுவரடிப் பளிங்கையும் பாருங்கோ. படிக்கட்டடியிலை அது ஒரு சாண் உயரம். இஞ்சை ஒரு சாணும் மூண்டு விரலும். நான் நெடுகத் துடைக்கிறனான், எனக்குத் தெரியும்."

ஸ்ரீனிவாஸ் மண்டியிட்டு, அப்பளிங்குப் பட்டையின் மேல்விளிம்பில் ரசமட்டத்தை வைத்தார். குமிழி நடுவில் வந்து நின்றது. நகர்த்தி நகர்த்தி எட்டு இடங்களில் வைத்தார். எட்டிலும் நடுவில் நின்றது. சுவர் சாயவில்லை, மண்டபம் அமிழவில்லை; தளத்தின் சரிவுக்கேற்பப் பளிங்கை அன்றே அளந்து வெட்டியிருந்தார்கள்.

அவர் ரசமட்டத்தைப் பையில் வைத்தார். "தப்பு என்னோடதுதாம்மா," என்றார். "தரையை மட்டும் அளந்தேன், சுவரை அளக்கல. பத்து மணிக்கு நானே மேல போய்ச் சொல்றேன். நீங்களும் வரணும்."

பத்து மணிக்கு நகரவையினர் வந்து தளத்தைப் பார்த்து மேலேறியதும், நாகேஸ்வரியையும் அழைத்துச் சென்று, சொன்னபடியே சொன்னார். தம் அறிக்கையைத் தாமே திரும்பப் பெற்றார். மண்டபம் மூடப்படாது என்று அவை முடிவு செய்தது. பிறகு அவைத் தலைவர், இதைக் கண்டறிந்தவர் பெயரைக் குறிப்பில் எழுத வேண்டும் என்று, அவரை எழுந்து சொல்லுமாறு கேட்டார்.

முன்னொருநாள் அதே அவையில், அதே சாளரத்தின் ஒளியில் எழுந்து நின்று, நடுங்கும் குரலில் தம் பெயரைச் சொல்லி இந்நாட்டை ஏற்றுக்கொண்டவர் அவர். இன்று இரண்டாம் முறையாக எழுந்தார். வாமதேவன் நாகேஸ்வரி என்று முழுப்பெயரையும் சொன்னார், குரல் நடுங்கவில்லை.

மண்டபத்தைக் கட்டிய கைகளின் பெயரை எந்தக் கல்லிலும் எவரும் பொறிக்கவில்லை. ஆயினும் நூறாண்டுக்கு மேலாகியும், அவர்கள் காட்டிய வழியில்தான் நீர் ஓடுகிறது. நாகேஸ்வரி படியிறங்கி வந்து, மிதியடித் தடங்கள் பதிந்து கிடந்த தளத்தைப் பார்த்து, ஆறாவது வாளியை நிரப்பினார். இம்முறை இம்மாகுலேற்றே குழாயைத் திறந்துவிட்டார்.