செத்தவருக்குத் தொண்ணூற்றைந்து

ரெங்கம்மாவின் லயக் காம்பராவில், அந்த வரிசை வீட்டு ஒற்றை அறையில், கூரை ஒழுகாத இடமென்று அடுப்பு மேடை மட்டும்தான் மிச்சம். மழை பிடித்தால் அதன் மேல் ஏறிக் குந்திக்கொள்வாள். ஆகவே நமுனுகுலவில் அவர்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த ஒரே ஒரு புது வீடு தனக்குத்தான் என்று அவள் முடிவு கட்டியதில் தப்பே இல்லை.

வீடு ஒதுக்கும் அதிகாரி தயாபரன் பதுளையில் மூன்று நாள் பயிற்சி எடுத்தவர். ஒவ்வொரு தகுதிக்கும் தனித்தனியாகப் புள்ளி போட்டு, எல்லாவற்றையும் கூட்டிவிட்டால் நியாயம் தானாக வந்து விழும் என்பது அவர் கட்சி. கொழுந்து நிறுக்கும் மடுவக் கொட்டகையில் சனத்தைக் கூட்டிப் பட்டியலை வாசித்தார்.

"தம்பையா. தோட்டத்தை விட்டுப் போகாததுக்கு நாப்பது. அக்கம்பக்கத்துல சண்டை இல்லாததுக்கு முப்பது. லீவு எடுக்காததுக்கு இருபத்தஞ்சு. மொத்தம் தொண்ணூத்தஞ்சு. வீடு அவருக்குத்தான்."

நுணலும் தன் வாயால் கெடும். ரெங்கம்மா எழுந்துவிட்டாள்.

"ஐயா, அது என் வீட்டுக்காரருங்க. மனு குடுத்த கையோட செத்துட்டாரு. மூணு வருசமாச்சு!"

"தெரியும்மா. அதான் உயிரோட இருக்கிறதுக்கான அஞ்சு புள்ளிய வெட்டிட்டேன்."

அடுத்த இடம் பக்கத்துக் காம்பரா புவனேந்திரனுக்கு, எண்பத்திரண்டு. ரெங்கம்மாவுக்கு அறுபது. அதில் அவள் முழுசாக வாங்கியது உயிரோடு இருப்பதற்கான ஐந்து மட்டும்தான்.

"செத்த ஆளுக்கு வீடா? பேர வெட்டுங்க!" என்று புவனேந்திரன் குதித்தான்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. புருஷன் பெயரை வெட்டினால் வீடு இவனுக்கல்லவா போகும்!

"எவன் வெட்டுறது? அவரு எட்டாம் நம்பர் மலையில தேயிலைக்கு அடியில படுத்திருக்காரு. தோட்டத்த விட்டு ஒரு அடி நகந்தாரா? மூணு வருசமா உன்கூட ஒரு வார்த்த சண்ட போட்டாரா, சொல்லு!"

புவனேந்திரன் நேர்மையானவன். யோசித்துப் பார்த்தான்.

"இல்லதான் அக்கா. உசுரோட இருந்தப்பதான் தெனமும்."

தயாபரன் தொண்டையைச் செருமினார். "ஒரு நிபந்தனை. உரிமையாளர் அந்த வீட்டுல குடியிருக்கணும்."

"மாலை போட்டே கூட்டிட்டு வந்துர்றேங்க" என்றாள் ரெங்கம்மா.

தம்பையாவின் படம்தான் முதலில் குடிபோனது. அன்று சாயந்திரமே மழை கொட்டியது. பழக்கதோஷத்தில் ரெங்கம்மா புது வீட்டு அடுப்பு மேடையில் ஏறிக் குந்தி அண்ணாந்து பார்த்தாள். ஒரு சொட்டு விழவில்லை.

"உசுரோட இருந்தப்ப ஒரு தகரம் மாத்தித் தந்தீங்களா?" என்று படத்தைப் பார்த்துச் சண்டைக்குப் போனாள். படம் பதில் பேசவில்லை. பழைய தம்பையா என்றால் இந்நேரம் லயமே இரண்டுபட்டிருக்கும்.

அவளுக்கு அழுகை பொங்கிவிட்டது.

"அந்த அஞ்சு புள்ளிய மட்டும் வாங்கியிருந்தீங்கன்னா, நமக்கு அந்த ஒழுகுற காம்பராவே போதுமேங்க."