ஏழு ஏரி தெரியும் பாறை

என் வீட்டுக்காரர் பஞ்சாட்சரத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று எங்கள் தெருவில் அடித்துப் பேசிக்கொண்டிருந்தவள் நான்தான். அந்த வாயை இப்போது எதைப் போட்டுக் கழுவுவது என்று தெரியவில்லை.

உத்திரமேரூரில் உயரம் என்றால் ஏரிக்கரை ஒன்றுதான். ஏறி நின்றால் இந்தப் பக்கம் தண்ணீர், அந்தப் பக்கம் நெல், அவ்வளவுதான். நான் பிறந்தது திருப்புலிவனம், வாழ்க்கைப்பட்டது உத்திரமேரூர். இரண்டுக்கும் நடுவில் ஒரு மேடு கிடையாது. அதனால்தானோ என்னவோ, மலை உச்சியில் நின்று கீழே பார்ப்பது எப்படி இருக்கும் என்று சின்ன வயசிலிருந்தே எனக்கொரு ஆசை. பழனிக்குப் போனால் பார்க்கலாமே என்பீர்கள். அந்தக் கூட்டத்தில் சாமியைப் பார்ப்பதா, கழுத்துச் சங்கிலியைப் பிடித்துக்கொள்வதா, கீழே பார்ப்பதா?

அரிசி மில்லில் வேலை பார்க்கும் வேதகிரி வருஷா வருஷம் தை மாசத்தில் ஒரு டூர் போடுவார். ஒரு வாடகை அம்பாசிடர். அதில் வேதகிரி, நாங்கள் இரண்டு பேர், பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் முகம்மது கௌஸ் பாய், அவர் மனைவி பதுருன்னிசா. அவர்களுக்காக நாகூர், எங்களுக்காகப் பழனி, திரும்பும் வழியில் திண்டுக்கல்லைத் தாண்டி ஒரு மலை. அந்த மலைதான் வேதகிரிக்கு உயிர். நாகூரை விட்டாலும் விடுவார், அதை விடமாட்டார். காட்டுக்குள் ஒரு மணி நேரம் நடந்தால் உச்சியில் ஒரு பாறை வருமாம், அதற்குப் பெயர் ‘பாயிண்ட்’டாம். வேதகிரியின் மனைவி மட்டும் எந்த டூருக்கும் வந்ததில்லை. ஏன் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை, புத்தி கெட்டவள்.

முதல் வருஷம் மலையடிவாரத்தில் காரை நிறுத்தியதும், மேலே அட்டை கடிக்கும், பொம்பளைகளுக்குச் சரிப்படாது என்றார்கள். நானும் பதுருவும் புளிய மரத்தடியில் ஸ்டவ்வைப் பற்றவைத்துச் சோறு ஆக்கினோம். இரண்டாம் வருஷம் பாதை சரிந்துவிட்டது என்றார்கள். மறுபடியும் சோறு ஆக்கினோம். சாயங்காலம் ஆம்பிளைகள் மூன்று பேரும், அதில் இரண்டு பேர் கண் சிவக்க, இறங்கி வந்து, பசி பசி என்று சட்டியை வழித்துத் தின்றார்கள். கண் ஏன் சிவந்திருக்கிறது என்றால் மலைக்காற்று என்று பதில் வந்தது.

சாப்பிட்டுக்கொண்டே எங்கள் வீட்டுக்காரர் சொல்லுவார். “இன்னா காட்சி தெரியுமா சொக்கம்மா. ஒரே பார்வைல ஏழு ஏரி. ஏழும் வெள்ளித் தட்டாட்டம் கீது. நடுவுல ரயிலு மரவட்டை மாதிரி ஊர்ந்துக்கினு போவுது.”

நான் அதை அப்படியே பிடித்துக்கொண்டேன். ஊருக்கு வந்து ரேஷன் கடை வரிசையில் சொன்னேன். குழாயடியில் சொன்னேன். என் நாத்தனார் சீமந்தத்தில் வளையல் அடுக்கிக்கொண்டே சொன்னேன். ஏழு ஏரி, ஒரு ரயில். நானே பார்த்த மாதிரி கையை விரித்துச் சொன்னேன். பார்க்காத காட்சியைப் பார்த்தவள் போலச் சொல்லிச் சொல்லி அதன் மேல் ஆசை இன்னும் முற்றிப் போயிற்று.

ஆகையால் இந்த வருஷம், எண்பத்து மூணு தையில், காரில் ஏறும் முன்பே வேதகிரியிடம் கறாராகப் பேசிவிட்டேன். நானும் பதுருவும் பாயிண்டுக்கு வருவோம். வருவதானால்தான் புளியோதரைப் பொடி இடிப்பேன், இல்லாவிட்டால் இல்லை. “உன்னிய விட்டுட்டு யாரு போறாங்கம்மா” என்று சிரித்தார். பொடி இடித்தேன்.

அடிவாரத்தில் இறங்கினதும் மூன்று பேரும் தனியாகப் போய்க் கசமுசவென்று பேசினார்கள். எங்கள் வீட்டுக்காரர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார்.

“காட்டெருமை எறங்கிகீதாம். எதிர்ல வந்தவன் சொல்றான். நாங்க போய் வழியப் பாத்துட்டு, ஒண்ணும் இல்லன்னா வந்து கூட்டிக்கினு போறோம். அதுக்குள்ள நீங்க உலைய வையுங்க.”

“எருமை உங்களை முட்டாதா?”

“ஆம்பளைங்க ஓடிடுவோம்.”

ஓடுகிற ஆம்பிளைகள் எருமை வந்ததாகச் சொன்ன பாதையிலேயே போய் மறைந்தார்கள். கார் டிரைவர் பின் சீட்டில் காலை நீட்டிப் படுத்துவிட்டார். அரிசியைக் களைந்து உலையில் போட்டேன். டம்ளர்களைத் தேடினால் மூன்றைக் காணோம். டூருக்கு டூர் இப்படித்தான் காணாமல் போய், ராத்திரி பார்த்தால் தானாகக் கூடையில் இருக்கும். பதுருன்னிசா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பேசினால் அழுதுவிடுவோம் போலிருந்தது.

அப்போது மலையிலிருந்து பேச்சும் சிரிப்பும் கேட்டது. கல்லூரிப் பெண்கள் ஒரு கும்பல், தலையில் தொப்பி, காலில் கான்வாஸ் ஷூ, கூடவே குடையோடு ஒரு டீச்சரம்மா. பாயிண்டுக்குப் போய்விட்டு இறங்கி வருகிறார்கள்.

“ஏம்மா, மேல எருமை இல்லியா?” என்று கேட்டேன்.

“எருமையா? ஒரு ஆட்டுக்குட்டி கூட இல்லக்கா,” என்றாள் ஒருத்தி. “பாதை நல்லா இருக்கு. சும்மா நடந்து போயிட்டு வரலாம்.”

“மூணு ஆம்பளைங்க மேல வந்தாங்களே, பாத்தீங்களா?”

“யாரும் வரலையேக்கா.”

நான் பதுருவைப் பார்த்தேன், பதுரு என்னைப் பார்த்தாள். ஸ்டவ்வை அணைத்தேன். அரிசி பாதி வெந்தும் வேகாமலும் நின்றது. அதற்காக எனக்குக் கொஞ்சமும் வருத்தம் இல்லை.

பாதை தொடங்குகிற இடத்தில் பழக்கதோஷத்தில் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டேன்.

“அக்கா, இங்க உங்க சாமி ஒண்ணும் இல்லியே,” என்றாள் பதுரு.

“மலை கீதில்ல. அது போதும்.”

கன்னத்தில் போட்டுக்கொண்டு ஏறினேன். அவள் செருப்போடு வந்தாள். கொஞ்ச தூரத்திலேயே கூழாங்கல் குத்த ஆரம்பித்தது, ஆனாலும் திரும்பிப் போக மனசு வரவில்லை. இரண்டு பக்கமும் மூங்கிலும் வேங்கையும் அடர்ந்து வெயிலே தரையில் விழவில்லை. ஏதோ பூ வாசனை. ஒரு மயில் குறுக்கே போயிற்று. இவ்வளவையும் இத்தனை வருஷம் எங்களுக்குக் காட்டாமல் உலை வைக்கச் சொல்லியிருக்கிறார்களே என்று நடக்க நடக்க வயிறு எரிந்தது.

கால்வாசி தூரத்தில் மரங்கள் விலகி, சரிவில் ஒரு திராட்சைத் தோட்டம். கல் தூண் நட்டு, கம்பி கட்டி, தலைக்கு மேலே பந்தல் முழுக்கக் கொடி. கருப்புக் கொத்துகள் தொங்கின. முள்வேலி, மூங்கில் படல். அந்தப் படலுக்கு வெளியே வரிசையாக மூன்று ஜோடி செருப்பு.

இதை விளக்கிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக்காரருக்கு ஏரிப் பாசனத்தில் ஒரு வெற்றிலைக் கொடிக்கால் உண்டு. கொடிக்காலுக்குள் யாரும் செருப்புக் காலோடு போகக் கூடாது, கொடி வாடிவிடும் என்பது வழக்கம். ஒரு தடவை உர ஆபீசர் பூட்ஸோடு நுழைந்துவிட்டார் என்று அவரை வெளியே தள்ளிக் கழற்ற வைத்த மனுஷன் இவர். பொம்பளைகள் உள்ளே போகவே கூடாது. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் என் சொந்தக் கொடிக்காலை நான் வரப்பிலிருந்துதான் பார்த்திருக்கிறேன். பொய் சொல்லலாம், பெண்டாட்டியை ஏமாற்றலாம், ஆனால் கொடியும் பந்தலுமாக ஒன்றைக் கண்டால் கால் தானாகச் செருப்பைக் கழற்றிவிடும். கூட வந்தவர்களையும் கழற்ற வைத்திருப்பார்.

நடுவில் இருந்தது அவருடைய டயர் செருப்பு. இடது வாருக்கு நான்தான் ஊக்கு குத்திக் கொடுத்தேன்.

வேலியிடுக்கில் பார்த்தோம். பந்தல் நிழலில் சாக்கை விரித்து மூன்று பேரும் சம்மணம் போட்டிருந்தார்கள். தோட்டத்துக்காரர் ஒரு பீங்கான் ஜாடியைச் சாய்த்து ஊற்றிக்கொண்டிருந்தார், கருஞ்சிவப்பாக. ஊற்றியது என் டம்ளரில். கௌஸ் பாய் மட்டும் குடிக்கவில்லை. தம் டம்ளர் நிறையத் திராட்சையைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டிருந்தார்.

“ஏசுதாஸ் அண்ணே, போன வருஷம் குடுத்த கிறிஸ்மஸ் ஒயினை விட இது தூக்கல்,” என்றார் வேதகிரி. “ஆமா, நீயாச்சும் அந்தப் பாயிண்டுக்குப் போயிகிறியா?”

“எனக்கெதுக்குங்க? நிழலு இங்கயே இருக்கு,” என்றார் தோட்டத்துக்காரர்.

எங்கள் வீட்டுக்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். “வேதகிரி, இந்த வருஷம் எட்டு ஏரின்னு சொல்லிடலாமா? நல்லா மழை பேஞ்சிகீது.”

“வாணாம்யா. ஏழே இருக்கட்டும். ஒன் பொண்டாட்டி கணக்கா ஞாபகம் வெச்சிக்கினு கீறா.”

சிரித்தார்கள். கௌஸ் பாயும் சிரித்தார்.

அவர் குடித்தது கூட எனக்குப் பெரிசில்லை. குடிக்காத ஆம்பிளை எங்கள் தெருவில் யார் இருக்கிறார்? அந்த ஏழு ஏரி. நான் ஊரெல்லாம் கை விரித்துச் சொன்ன ஏழு ஏரி. அது இவர்களுக்கு டம்ளருக்குத் தொட்டுக்கொள்கிற ஊறுகாய். என்னைப் பொய்க்காரி ஆக்கினதும் இல்லாமல், என் ஞாபகத்தை வைத்துச் சிரிக்கிறார்கள்.

பதுரு படலைத் தள்ளப் போனாள். “உள்ள போயி நாலு வார்த்த கேக்கறேன். குடிக்காதவரு உண்மையயாச்சும் சொல்லிருக்கலாமில்ல. வாயில திராட்சையா அடைச்சிக்கினு கீது?”

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கேட்டால் என்ன நடக்கும்? இப்போதுதான் உட்கார்ந்தோம் என்பார்கள். வா, கூட்டிக்கொண்டு போகிறோம் என்பார்கள். இவர்கள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிற காட்சி எனக்கு வேண்டாம்.

குனிந்து அவருடைய செருப்பில் காலை நுழைத்தேன். பெரிசுதான், ஆனால் குத்தாது. மற்ற இரண்டு ஜோடியையும் பதுரு போர்த்தியிருந்த பழைய துப்பட்டியில் முடிந்து தோளில் போட்டுக்கொண்டேன். கட்டின புருஷன் செருப்பைத் தூக்கினால் கூட ஒரு கணக்கு. வேதகிரி செருப்பையும் தூக்கினேனே, அதுதான் எனக்குக் கோபம் எவ்வளவு என்பதற்கு அளவு.

பாயிண்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மூச்சு வாங்கியது. பெரிய மொட்டைப் பாறை, ஓரத்தில் இரும்புக் கம்பி. கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.

ஏரி ஒன்றுதான் இருந்தது. அதுவும் பாதி வற்றி, நடுவில் மாடு மேய்ந்தது. ரயில் பாதையே இல்லை. ஆனால் நிலம் போய்க்கொண்டே இருந்தது. பச்சை, பழுப்பு, செம்மண், நடுநடுவே திராட்சைப் பந்தல்கள், தென்னை, கண்ணுக்கு எட்டாத தூரத்தில் நீலமாக இன்னொரு மலை. மேக நிழல் ஒன்று வயல் மேல் நகர்ந்து போவதை மேலிருந்து பார்த்தேன். நிழலுக்கு உருவம் உண்டு என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கீழே நிற்கிறவர்களுக்கு வெயில் போனது மட்டும்தான் தெரிகிறது.

இது அந்த ஏழு ஏரியை விட நன்றாக இருந்தது. அதை நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. சந்தோஷ அழுகை என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம், முழுக்க ஆத்திரம். ஒரு மணி நேர நடை. வருஷா வருஷம் அட்டை, சரிவு, எருமை என்று சொல்லி என்னை உலைக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டு, தாங்களும் பார்க்காமல் போயிருக்கிறார்கள்.

பதுரு பாறையின் நுனியில் உட்கார்ந்து வெகு நேரம் எழுந்திருக்கவில்லை. “ஒரு நாளும் பேஜாரில்லாம இப்டி ஒக்காந்ததில்லக்கா,” என்றாள்.

கிளம்பும்போது முடிச்சை அவிழ்த்து, என் காலிலிருந்ததையும் கழற்றி, மூன்று ஜோடியையும் பாறை நடுவில் வரிசையாக வைத்தோம், படலுக்கு வெளியே இருந்த அதே வரிசையில்.

கீழே வந்தபோது அவர்கள் எங்களுக்கு முன்னால் வந்து காத்திருந்தார்கள். எங்கள் வீட்டுக்காரர் கார் ஓரம் குந்தி உள்ளங்காலில் முள் பிடுங்கிக்கொண்டிருந்தார். வேதகிரி சட்டியைத் திறந்து அரை வேக்காட்டு அரிசியைப் பார்த்தபடி நின்றார்.

“எங்க போய்ட்டீங்க? சோறு இன்னாச்சு?” என்று எங்கள் வீட்டுக்காரர் எரிந்து விழுந்தார்.

“சும்மா இப்டி நடந்துட்டு வந்தோம். நீங்க பாயிண்டுக்குப் போனீங்களா? எருமை இல்லியா?”

“எருமைய வெரட்டிட்டுத்தான் போனோம். இன்னா காட்சி இந்த வருஷம். மழை பேஞ்சதுல ஏழு ஏரியும் ரொம்பி கீது.”

“ரயிலு?”

“வந்துதே.”

முழுசாகச் சொல்லி முடிக்கட்டும் என்று நின்றேன். பிறகு அவர் காலைக் காட்டிக் கேட்டேன். “செருப்பு எங்க?”

வேதகிரி முந்திக்கொண்டார். “அத்த ஏன் கேக்கற. பாயிண்ட்ல ஒக்காந்து பாத்துக்கினு கீறோம், குரங்கு வந்து மூணு பேருதையும் தூக்கிக்கினு பூட்ச்சி.”

கௌஸ் பாய் தரையைப் பார்த்தார்.

“குரங்கு தூக்கல,” என்றேன். “செருப்பு பாயிண்ட்லதான் கீது. நடுப்பாறைல, திராட்சைத் தோட்டத்துப் படலாண்ட எப்டி வெச்சீங்களோ அதே வரிசைல வெச்சிட்டு வந்துகிறோம். போய் எடுத்துக்கினு வாங்க.”

எங்கள் வீட்டுக்காரர் கையிலிருந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் புளிய மரத்தடியில் போய் உட்கார்ந்தேன். பதுருன்னிசா ஸ்டவ்வைத் தூக்கித் தன் மடியருகே வைத்துக்கொண்டாள்.

“அப்டியே ஏரி எத்தினின்னு எண்ணிக்கினு வாங்க,” என்றேன். “கணக்கு சரியா சொன்னாத்தான் ஸ்டவ்வப் பத்த வெப்பேன்.”

முதலில் எழுந்தவர் கௌஸ் பாய்தான். வேதகிரி டிரைவரின் செருப்பைக் கேட்டுப் பார்த்தார், அவர் தரவில்லை. மூன்று பேரும் வெறுங்காலோடு, ஒருவர் பின் ஒருவராக, நொண்டி நொண்டி மலை ஏறினார்கள்.