பின் இருக்கை

என் வீட்டுக்காரர் தானே கட்டிய விமானம் வாலைத் தரையில் வைத்து உட்கார்ந்தபோது ஷெட்டில் நான் மட்டும்தான் இருந்தேன். தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தேன், விமானத்தைத் தொடக்கூட இல்லை. முன்சக்கரம் மெல்ல எழும்பியது, வால் இறங்கியது, யாரோ ஏறி வசதியாகச் சாய்ந்துகொண்ட மாதிரி. சத்தம் கேட்டு வந்த அவர் சிரித்தார். "பின்பாரம் கொஞ்சம் ஜாஸ்தி. நான் முன்னால உக்காந்தா சரியாயிடும்." ஏறி உட்கார்ந்து காட்டினார். வால் எழுந்தது.

அவர் வாங்கிய வரைபடத்தில் அது ஒற்றை ஆள் விமானம். என்னை விட்டுவிட்டு ஒரு சினிமாவுக்குக்கூடப் போகாத மனிதர், பின்னால் எனக்கும் ஓர் இருக்கை வைத்தார். அதற்கு இடம்விட்டு பாட்டரி இன்னும் பின்னால் போனது. அதை வரைந்தவரிடம் போனில் கேட்டதற்கு, "அப்ப அது என் விமானம் இல்ல" என்று வைத்துவிட்டார். பின்பாரம் கூடினால் மேலே போனதும் மூக்கு தூக்கிக்கொள்ளும், பிறகு இறக்கவே முடியாது. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே இவர்தான், வேறு யாரோ கட்டிய விமானத்தைப் பற்றிப் பேசும்போது. அடுத்தவன் விமானம் என்றால் இவருக்கு அப்படியொரு தெளிவு.

முதன்முதலாகப் பறக்கப்போகும் காலையில், மைதானத்தில் அவர் முன்னால் ஏறி பெல்ட்டை மாட்டினார். சொல்லிப் பயனில்லை என்று தெரிந்ததால் நானும் பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டேன். வால் தரையில் இடித்தது.

"என்ன விளையாட்டு இது? இறங்கு."

"நான் இறங்கினா நீங்க போயிடுவீங்க."

"முதல் தடவை ரெண்டு பேர் போகக் கூடாதும்மா. ஆபத்து."

சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். "ஆபத்துன்னா என்னன்னு தெரியுதுல்ல உங்களுக்கு?"

அவர் கழுத்து சிவந்தது. பேசாமல் இருந்தே காரியம் சாதிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. வழக்கம்போல நான்தான் தோற்றேன். இறங்கி, இறக்கையைச் சுற்றி வந்து அவர் பக்கத்தில் புல்லில் நின்றேன்.

வால் எழவில்லை.

"இறங்கிட்டேங்க," என்றேன்.

"எங்க இறங்கின?" என்றார், நேராகப் பார்த்தபடி. "உன் முட்டி இன்னும் என் முதுகுல இடிக்குது."

பிறகுதான் என் குரல் வந்த பக்கம் திரும்பினார். என்னைப் பார்த்தார். பின்னால் பார்க்கவில்லை. அவர் விரல்கள் எஞ்சின் சாவியைத் திருகவுமில்லை, விடவுமில்லை.