மலைக்குப் போகும் மாதம்

அம்மா பிஸ்கட் தகரத்தின் மூடியைக் கரண்டிக் காம்பால் நெம்பித் திறந்தபோது, தவமணிதேவி அப்பாவின் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். துணிக்கிழிசல் இரண்டாவது சுற்று வந்திருந்தது. தகரத்துக்குள்ளிருந்து அம்மா அள்ளி எடுத்ததைப் பார்த்ததும் அவள் கை நின்றுவிட்டது.

அரிசி. கல்லும் வண்டும் கலந்த பங்கீட்டு அரிசி இல்லை. நீளமான, உடையாத வெள்ளை அரிசி.

அந்த வீட்டில் சோறு சமைத்து ஐந்து மாதமாகிறது. காலையில் மரவள்ளிக்கிழங்கு, இரவில் மரவள்ளிக்கிழங்கு. கடைசி வாரம் அப்பா காய்ச்சலில் கிடந்தபோதும் கிழங்கு மாவைக் கரைத்துத்தான் கஞ்சி காய்ச்சினார்கள். அப்போதெல்லாம் இந்தத் தகரம் எங்கே இருந்தது?

"அம்மா, இது எங்கால?"

செல்லப்பாக்கியம் அரிசியைப் பித்தளைத் தட்டில் கொட்டி விரலால் பரப்பினாள். "வாய்க்கரிசிக்கு வேணும். மனுசன்ர வாயில கிழங்கையே போடுறது?"

"எங்கால வந்தது எண்டு கேட்டனான்."

"கட்டை ஒழுங்காக் கட்டு பிள்ளை. அவிழுது."

வாசற்படியில் உட்கார்ந்திருந்த ராசம்மா எட்டிப் பார்த்தாள். ரோட்டுக்கு எதிரே ரயில்வே லயத்தில் இருப்பவள். அந்த வரிசையிலிருந்து சாவு வீட்டுக்கு வந்த ஒரே பெண்.

"ஆத்தாடி, பச்சரிசி! கிராணியம்மா, நம்ம லயத்துல இத கண்ணால பாத்து எத்தன மாசம் ஆச்சு தெரியுமா? என் மவ நேத்து கேக்குறா, அரிசி மரத்துல காய்க்குமா கொடியில காய்க்குமான்னு." அவளே சிரித்து, அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "நா ஒண்ணும் கேக்கல. செத்தவரு நல்லாருக்கட்டும்" என்றாள்.

அவள் கேட்காமல் விட்டது என்னவென்று தவமணிக்குத் தெரியும். மூன்று மாதமாக அதைத்தான் அவளும் கேட்காமல் விட்டிருந்தாள்.

அப்பா அம்பிகைபாகனை மலாயாவின் பெக்கோக் ஊரில் எல்லோரும் காட்டுக் கிராணி என்பார்கள். வன இலாகாவில் பதினான்கு வருடம் எழுத்தர். எழுத்து வேலையைவிட அலுவலகப் பின்முற்றத்து மழைமானியைப் பார்த்துக் குறிப்பதுதான் அவருக்குப் பிடித்த காரியம். கிழக்கே வானத்தின் ஓரத்தில் நீலமாகக் கிடந்த மலையிலும் ஒரு மானி இருந்தது. வனக்காவலர்கள் மாதாமாதம் அதைப் பார்த்து வருவார்கள். அந்த இலக்கமும் அவருடைய தடித்த புத்தகத்தில் ஏறும். அளவையாளர்கள், வேட்டைக்கு வரும் துரைமார், வண்ணத்துப்பூச்சி தேடும் கண்ணாடிக்காரர்கள், யாராக இருந்தாலும் முதலில் அவர் மேசைக்கு வந்து ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். மலைக்குப் போக எந்த மாதம் நல்லது?

"ஆனி, ஆடி. ஆறு முழங்காலுக்குக் கீழ நிக்கும். அட்டையும் குறைவு" என்பார் அப்பா. அவருக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. மலை தன்னுடைய வீடு போலவும், விருந்தினருக்குத் தான்தான் நாள் குறித்துக் கொடுப்பது போலவும்.

ஒவ்வொரு வருடமும் சாப்பாட்டு நேரத்தில் அவர்களுடைய சொந்தப் பயணமும் பேச்சில் வரும். அம்மாவுக்கு டுரியான் விழும் காலத்தில் போகவேண்டும். தவமணிக்குப் பங்குனியில், மரங்கள் சிவப்பாகத் தளிர்விடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அண்ணன் ஜெயபாலனுக்கு மட்டும் மார்கழி. வெள்ளம் மரங்களைப் பிடுங்கிக்கொண்டு வருவதைப் பார்க்க ஆசை. "மார்கழியில போறதெண்டா போ. திரும்பி வாறதுக்கு ஆள் தேடாத" என்று அப்பா சிரிப்பார். மாதம் தேர்ந்தெடுத்தே காலம் போய்விட்டது. யாரும் போகவில்லை.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். ஜெயபாலன் போனான். மாதம் பார்த்துப் போகவில்லை. சயாம் ரயில்பாதைக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட விடியற்காலையில், மரவாடிச் சீனன் ஒருவனோடு கிழக்கே நடந்துவிட்டான். கேட்பவர்களுக்கு, சிங்கப்பூரில் வேலை. ஜப்பானியரை எதிர்த்து மலையில் ஒளிந்திருப்பவர்களோடு அவன் இருக்கிறான் என்பது வீட்டில் இருந்த மூன்று பேருக்குத்தான் தெரியும்.

ஆகஸ்டில் ஒருநாள் ராணுவக் கார் வந்து அப்பாவை ஏற்றிக்கொண்டு போனது. அப்படிப் போனவர்கள் விரல் நகம் இல்லாமல் திரும்பினார்கள், அல்லது திரும்பவே இல்லை. அப்பா மாலைக்குள் வந்துவிட்டார். சட்டை கசங்கவில்லை. கக்கத்தில் சாக்குத்துணியில் சுற்றிய பொதி ஒன்று இருந்தது. எதிர் லயத்துக் கதவுகளில் நின்றவர்கள் அதைப் பார்த்தார்கள்; காட்டிக்கொடுத்ததற்குக் கூலி என்று அன்றே பேச்சாயிற்று.

"என்ன கேட்டவங்கள்?" என்றாள் தவமணி.

"மலையைப் பற்றி. எப்ப ஏறலாம் எண்டு."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

அவர் கிழங்குத் தோலை உரித்துக்கொண்டே இருந்தார். "கேட்டதுக்குப் பதில் சொன்னன்."

பொதியில் என்ன என்று கேட்டதற்குச் சவர்க்காரம் என்றார். சவர்க்காரம் எதையும் அந்த வீட்டில் யாரும் பார்க்கவில்லை. தவமணி நாள்களை எண்ணினாள். ஆகஸ்டில் யாரும் மலையேறவில்லை. செப்டம்பரிலும் இல்லை. அப்படியானால் அடுத்த வறண்ட மாதமான பங்குனியைச் சொல்லியிருக்கிறார் என்று முடிவுகட்டினாள். பங்குனியில் ஆறு வற்றும், லாரிகள் போகும், அண்ணனை ஒரு மரத்தில் கட்டுவார்கள். அதற்குப் பிறகு அவள் அப்பாவோடு தேவைக்கு மேல் பேசவில்லை. நேற்றுக் காலையும் கஞ்சிக் கிண்ணத்தை அருகில் வைத்துவிட்டு, அவர் ஏதோ சொல்ல வாயெடுத்ததைப் பார்த்தும் பார்க்காமல் எழுந்துவிட்டாள்.

இப்போது அந்த வாயைச் சுற்றித் துணி கட்டியிருந்தது. அம்மா அதைத் தளர்த்திக்கொண்டிருந்தாள்.

வெளியே மழை மூன்றாவது நாளாகப் பெய்தது. தகரக் கூரையின் இரைச்சலில் சதாசிவத்தார் தேவாரம் படிப்பது பாதிதான் கேட்டது. ஸ்டேஷனில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்த கிழவர். குருக்கள் வர மறுத்துவிட்டதால் அவரே காரியங்களைப் பார்த்தார். மகன் இல்லாததால் கொள்ளியும் அவரே வைப்பதாகப் பேச்சு.

தேவாரம் நடுவில் நின்றது. ராசம்மா வாசற்படியிலிருந்து எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

குடையை மடக்கியபடி தம்பிராஜா உள்ளே வந்தார். புஜத்தில் ஜப்பானியத் துணிப்பட்டி. சண்டைக்கு முன் பள்ளிக்கூட வாத்தியார். இப்போது ராணுவத்துக்கு மொழிபெயர்ப்பாளர். அப்பாவோடு ஒரே கப்பலில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்.

"அக்கா, கேள்விப்பட்டு உடன வெளிக்கிட்டனான்" என்றார் அம்மாவிடம். இறந்தவரின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். பிறகு, வந்த வேலை அது அல்ல என்பது போலச் சுற்றிப் பார்த்தார். "ஒரு அவசரம். அண்ணற்ற மழைப் புத்தகம் வேணும்."

அம்மா தட்டிலிருந்த அரிசியை விரலால் நிரவினாள்.

"நாலு லொறி ஸ்டேஷனடியில நிக்குது. பின்னேரம் மலைக்கு வெளிக்கிடுகினம். அண்ணர்தான் மாசம் சொன்னவர். கார்த்திகைக் கடைசியும் மார்கழியும்தான் திறமான காலமெண்டு. மழையெல்லாம் இந்தப் பக்கத்தோட நிண்டுடும், மலைக்குப் பின்னால காய்ஞ்சு கிடக்குமெண்டு. பதினாலு வருஷம் எழுதி வைச்சிருக்கிறன் எண்டும் சொன்னவர்."

தவமணி அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் தன் முகத்தில் ஏதாவது தெரிந்துவிடும் என்று தட்டிலிருந்த அரிசியையே பார்த்தாள்.

மார்கழியில் அந்த மலையில் இருபத்தேழு அங்குலம். கடைசி இரண்டு வருடத்து இலக்கங்கள் அவள் கையெழுத்தில் இருந்தன.

"மலாய்க்காரர் வேற மாதிரிச் சொல்லுகினம்" என்றார் தம்பிராஜா. "அவை தங்கட ஆக்களைக் காப்பாத்தச் சொல்லுகினமெண்டு கப்டன் நம்பேல்லை. எழுத்தில இருந்தாத்தான் நம்புவான். புத்தகத்தைத் தாங்கோ அக்கா. பிழைச்சால் என்ர தலைதான் முதல்ல போகும்."

புத்தகம் அறைக்குள், துணிப்பெட்டியின் அடியில் இருந்தது. பத்து அடி தூரம்.

"பிள்ளைதான் எழுதுறவள்" என்றாள் அம்மா. "அவளைக் கேளுங்கோ." குரலில் ஒன்றும் இல்லை. ஆனால் அவள் மகளைப் பார்த்த பார்வை நிலைகுத்தி நின்றது. அம்மாவுக்கு எல்லாம் தெரியும் என்பது தவமணிக்கு அப்போதுதான் தெரிந்தது. அதைவிடக் கூர்மையாக இன்னொன்றும் தெரிந்தது: இத்தனை நாளும் அப்பாவும் அம்மாவும் அவளை நம்பவில்லை. அல்லது, அவர்கள் நம்பும்படி அவள் நடந்துகொள்ளவில்லை.

"புத்தகம் இல்லை மாமா. காய்ஞ்ச விறகு இல்லாம ஒவ்வொரு தாளாக் கிழிச்சு அடுப்பு மூட்டினனாங்கள்."

"பதினாலு வருஷத்தையும்?"

"பெரிய அடுப்பு."

ராசம்மாவிடமிருந்து சிரிப்புப் போல ஒரு சத்தம் வந்து இருமலாக மாறியது. தம்பிராஜா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அப்ப வாயால சொல்லு. மலை மானியில மார்கழிக்கு எவ்வளவு?"

தவமணி ஆனி மாதத்து இலக்கங்களை எடுத்து மார்கழிக்கு வைத்தாள். "போன வருஷம் நாலரை. அதுக்கு முதல் வருஷம் ஐஞ்சு. முப்பத்தொன்பதில மூண்டே முக்கால்." அவர் சின்னப் பென்சிலால் எழுதிக்கொண்டார். பென்சில் ஒருமுறை நின்றது.

"இஞ்ச மூண்டு நாளா இப்பிடிக் கொட்டுது."

"இஞ்ச கொட்டினாத்தான் அங்க வராது. அப்பா அப்பிடித்தான் சொல்லுவார்."

"பிழைச்சால் இந்த வீட்டுக்குத்தான் திரும்பி வருவினம். தெரியுமோ?"

"தெரியும்."

அவர் தாளை மடித்தார். வாய்க்கரிசி போடக் கை நீட்டியவர், தட்டின் மேல் கையை நிறுத்தினார். ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார்.

"இது ஆகஸ்டில கப்டன் அண்ணருக்குக் குடுத்த அரிசியெல்லோ? நான்தான் சாக்கில கட்டிக் குடுத்தனான்." அவர் மெதுவாகத் தலையைத் திருப்பினார். "ஊரே பட்டினி. நீங்கள் இதைத் தொடவே இல்லையோ அக்கா? ஏன்?"

கூலி வாங்கியவன் கூலியைத் தின்னாமல் வைத்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று அந்த அறையில் இருந்த எல்லோரும் யோசிப்பது போலத் தவமணிக்குத் தோன்றியது.

"ஜெயபாலன் சிங்கப்பூரால வந்தாப் பொங்க எண்டு வைச்சனான்" என்றாள் அம்மா. "பெத்த வயிறு. அவன் இல்லாமச் சமைக்க மனம் வரேல்லை." அவள் தகரத்தை எடுத்து நீட்டினாள். "அரைவாசி கிடக்கு. உங்கட வீட்டிலயும் பிள்ளையள் இருக்குதுகள். கொண்டு போங்கோ."

தம்பிராஜா தகரத்தைப் பார்த்தார். வாங்கவில்லை. மூன்றுமுறை அரிசியை இறந்தவரின் வாயருகே விட்டார். குனிந்தபடியே, "சிங்கப்பூர் எண்டுதான் அண்ணர் என்னட்டயும் சொன்னவர்" என்றார். அது யாருக்குச் சொன்னது என்று தெரியவில்லை. நிமிர்ந்தபோது முகத்தில் எதுவும் இல்லை. குடையை விரித்துக்கொண்டு மழைக்குள் போனார்.

பகல் இரண்டு மணிக்குப் பிரேதத்தை எடுத்தார்கள். சதாசிவத்தாரோடு தூக்க நான்கு பேர்தான் இருந்தார்கள். பாடையின் மேல் தகரத் துண்டுகளைப் பரப்பி அவர்கள் ரயில் பாதையோரம் மறைந்ததும், ராசம்மா லயத்துக்குப் போனாள். "சாவு வூட்டுல அடுப்பு மூட்டக் கூடாது. நா எதாச்சும் கொண்டாறேன் தங்கச்சி. யாரு என்ன சொன்னா எனக்கென்ன" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அம்மா அறைக்குள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தவமணி வீட்டைக் கழுவினாள். கழுவிய தண்ணீர் வாசல் வழியே ரோட்டில் ஓடிய சேற்று வெள்ளத்தோடு கலந்தது.

அப்போதுதான் லாரிகள் வந்தன. மூன்று கடந்துவிட்டன. நான்காவது அவர்கள் வீட்டுக்கு நேர் எதிரே சேற்றில் புதைந்து உறுமியது. சிப்பாய்கள் குதித்துத் தள்ளினார்கள். அவள் விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டு, எல்லோரும் செய்யவேண்டியபடி இடுப்பு வரை குனிந்தாள்.

நிமிர்ந்தபோது ஒருவன் அவள் முன் நின்றான். ஜெயபாலன் வயது இருக்கும். மூக்கு நுனியிலிருந்து மழை சொட்டியது. கிழக்கே கையைக் காட்டினான். மேகத்தில் மலை தெரியவில்லை. பிறகு வானத்தைக் காட்டி, தெரிந்த இரண்டு மலாய்ச் சொற்களை வைத்துக் கேட்டான்.

"குனோங்... ஊஜான்?"

மலையில் மழையா. பயந்த முகம் அது. லாரியிலிருந்து அதிகாரி ஒருவன் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தாடா" என்றாள் தவமணி, இல்லை என்று கையை அசைத்து. சத்தமாக, எல்லோருக்கும் கேட்கும்படி, சிரித்துக்கொண்டு சொன்னாள். "பாகுஸ். குனோங் பாகுஸ்." நல்லது. மலை நல்லது.

சிப்பாயும் சிரித்தான். தலையைக் குனிந்து வணங்கிவிட்டு ஓடி ஏறிக்கொண்டான். லாரி ஒரு குலுக்கலோடு சேற்றை விட்டுக் கிளம்பியது.

அது விலகிய பிறகு ரோட்டின் நடுவில் ராசம்மா நின்றிருந்தது தெரிந்தது. தலையில் சாக்கு. ஒரு கையில் மூக்குவைத்த கெண்டி, மறு கையில் கவிழ்த்த இரண்டு குவளைகள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. தவமணியின் முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் முழுதாக இறங்கவில்லை.

ராசம்மா அவளைப் பார்த்தாள். லாரி போன திசையைப் பார்த்தாள். மறுபடியும் அவளைப் பார்த்தாள்.

"ராசம்மாக்கா" என்றாள் தவமணி.

ராசம்மா திரும்பி நடந்தாள். கெண்டியின் மூக்கிலிருந்து எழுந்த ஆவி, லயத்துக் கதவு சாத்தும்வரை மழைக்குள் தெரிந்துகொண்டே போனது.